வம்மியடிக்குளத்துக் கல்லைப் படித்துவிட்டார்கள், அக்கா

என் உயிருக்குயிரான ராசம் அக்காவுக்கு,

நேற்றுப் பின்னேரம்தான் படுவான்கரையிலிருந்து வந்தேன். சேலைக் கரையெல்லாம் சேறு. சிரித்துச் சிரித்து விலா நோகிறது. இந்தச் செய்தியை முதலில் யாருக்குச் சொல்வதென்று தோணியில் வரும்போதே யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? உனக்குத்தான். நீ போய் மூன்று வருஷமாகிவிட்டது என்பதை இந்தக் கை மட்டும் இன்னும் நம்பவில்லை. நல்லது ஒன்று நடந்தால் உடனே உனக்கு எழுதப் பேனையைத் தேடுகிறது.

கல்லைப் படித்துவிட்டார்கள், அக்கா! முழுக்க அல்ல. ஆனால் போதும்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடக் கேட்டபோது பத்திராதிபர், "உங்கள் அக்காவுக்குத் தெரிந்த கதை வாசகருக்கும் தெரிய வேண்டாமா, அம்மா?" என்றார். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பவும் கொஞ்சம் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். இடையில் பிழை பிடிக்க நீ இல்லாதது எனக்கு ஒரு வசதி.

நீ அரசாங்க மருத்துவிச்சி. வாரத்தில் நாலு நாள் வாவியைக் கடந்து படுவான்கரை ஊர்களுக்குப் போவாய். நான் பட்டினத்தில் பெண் பள்ளிக்கூடத்து ஆசிரியை. கல்லைக் கண்ட அன்றைக்கு நீ வம்மியடிக்குளத்து வட்டவிதானை கந்தப்பர் வீட்டுக்குப் போயிருந்தாய். அந்த வயல்வட்டை முழுவதற்கும் தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். அவருடைய மகள் தெய்வானைக்கு முதற்பிள்ளை. நோவு வருவதும் நிற்பதுமாக இருக்க, நீ கை கழுவ முற்றத்துக்கு வந்தாய். கால் கழுவுகிற கல்லில் தண்ணீரை ஊற்றினாய். தண்ணீர் வழிந்தோடாமல் கோடு கோடாகத் தேங்கி நின்றது. குனிந்து பார்த்தாய். எழுத்து.

வீட்டுக்கு வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பூரணம், ஆம்புளப்புள்ள. தாயும் புள்ளயும் சுகம். மத்தது, அந்த வீட்டு முத்தத்தில எழுத்து வெட்டின கல்லொண்டு கிடக்குகா. சனிக்கிழமை நீயும் வாறாய்."

கேட்கவில்லை. சொன்னாய். நானும் வந்தேன்.

அன்றைக்கு நீ செய்த வேலையை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? காத்தான்குடிக் கடைக்காரர் சீலைக்கட்டுகளுக்கு நடுவில் வைக்கிற மெல்லிய தாளைக் கேட்டு வாங்கி வந்திருந்தாய். கல்லைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டணத்தால் ஒற்றினாய். கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழும்பி வந்தன. தெய்வானை பிள்ளையோடு வாசலில் நின்று, "ஐயோ, இதிலயா நாங்க இவ்வளவு காலமும் கால் கழுவினம்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒரு படி எடுத்தால் போதுமென்றேன் நான். எனக்குப் பசி. நீ மூன்று எடுத்தாய். பிறகு, பிள்ளைகளை அளக்கிற நாடாவால் கல்லை அளந்தாய். "இந்தக் கல்லு முதல்ல எங்க கிடந்தது?" என்று கந்தப்பரைக் கேட்டாய். அவருடைய தகப்பன் குளக்கட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தது என்று அவர் சொன்னதும், அந்த இடத்தைக் காட்டச் சொல்லி அங்கும் நடந்தாய். குளக்கட்டில் எத்தனையாவது மரத்தடி, எந்தப் பக்கம், யார் சொன்னது, எல்லாவற்றையும் பிறப்புக் கொப்பியில் பதிகிற மாதிரியே பதிந்தாய். நான் மரநிழலில் இருந்து என் கட்டுரைக்கு முதல் வசனம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டுரை! அதைச் சொல்லாமல் விடலாமென்றால் நீ விடமாட்டாய்.

அப்போது நான் 'ஆராய்ச்சிப்பிரியன்' என்ற புனைபெயரில் எழுதிவந்தேன். பெண்பிள்ளை எழுதியதென்றால் யார் நம்புவார்கள் என்ற பயம். அந்தக் கல்லில் ஓர் எழுத்தையும் எனக்கு ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அடியில் செதுக்கியிருந்த இரண்டு உருவங்கள் மட்டும் தெரிந்தன. நாலுகால் பிராணியை அரசனுடைய வேட்டைநாய் என்று எழுதினேன். பறவையை மயில் என்று எழுதினேன். நாயும் மயிலும் இருந்தால் அரண்மனை இருக்க வேண்டும், அரண்மனை இருந்தால் பொக்கிஷம் இருக்க வேண்டும். அதையும் எழுதினேன். குளத்தின் பெயரையும் மறக்காமல் போட்டேன்.

நீ வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாய்.

"இது மயிலெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"பார்த்தால் தெரியாதா அக்கா?"

"எனக்குத் தெரியல்ல. தெரியாட்டி, தெரியாதெண்டு எழுதினா என்ன? பேனை முறிஞ்சு போகுமா?"

நான் இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. ஊரெல்லாம் என் கட்டுரையைக் கொண்டாடிக்கொண்டிருக்க, வீட்டில் இருக்கிறவளுக்கு மட்டும் பொறாமை என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். கந்தப்பர் தோளில் சால்வையோடு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். என்னைத் தேடி வந்தவரல்ல. ஆராய்ச்சிப்பிரியன் என்ற மனிசனுடைய விலாசம் கேட்க வந்தவர். படித்த ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம்.

"அந்தாளைக் கண்டா ஒரு கேள்வி கேக்கோணும், புள்ள. பொக்கிஷம் இருக்கெண்டு எழுதிப்போட்டார். எங்கயோ இருந்து ஆக்கள் அலவாங்கோட வந்து குளக்கட்டைத் தோண்டிப்போட்டாங்க. நாங்க அறுவடைக் களத்தில நிக்கக்குள்ள வீட்டு முத்தத்துக்கும் வந்து கல்லைப் புரட்டி ஒரு மூலையை உடைச்சிட்டாங்க. மழைக்கு முதல் கட்டை அடைக்காட்டி இந்த முறை வயலுக்குத் தண்ணியில்ல. அந்தாள் வந்து அடைப்பாரா?"

"விசாரித்துச் சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, பாடத்தை நடுவில் விட்டு உன்னிடம் ஓடிவந்தேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீ பெட்டியை மூடி வைத்துவிட்டு, "மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்த நாள் கந்தப்பர் முற்றத்தில் நின்று, அந்த மனிசன் நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உன்னைப் பார்த்தார். "மீசை வைச்ச ஆளெண்டெல்லோ நினைச்சன்" என்றார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் மண் சுமப்பதிலிருந்து என்னை விடவில்லை. ஊர்ச்சனத்தோடு சேர்ந்து மூன்று நாள் கூடை சுமந்தோம். நீ பாடிக்கொண்டு சுமந்தாய், நான் அழுதுகொண்டு சுமந்தேன். மழைக்கு இரண்டு நாள் முந்திக் கட்டு அடைபட்டது.

பிறகு என் சொந்தப் பெயரில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினேன். மயிலும் தெரியாது, அரசனும் தெரியாது, பொக்கிஷம் நான் கட்டிய கதை, ஒருவரும் தோண்டவேண்டாம். பழைய கல்லைக் கண்டால் அசைக்காமல், எங்கே கிடக்கிறதென்று குறித்து அரசாங்கக் கச்சேரிக்கு அறிவியுங்கள். இவ்வளவுதான். அதை எழுத எனக்கு ஐந்து நாள் எடுத்தது. ஆராய்ச்சிப்பிரியன் பெண் என்றறிந்து வாசகர் சிலர் கோபித்தார்கள். ஆனால் மற்றவர்கள் தங்கள் ஊர்க் கற்களைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். சனிக்கிழமைகளில் நீயும் நானும் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போனோம். பாதி அம்மிக்கல். ஒன்று வெள்ளைக்கார நில அளவையாளர் நட்ட எல்லைக்கல். அதற்கும் நீ மூன்று படி எடுக்காத குறை.

வம்மியடிக்குளத்துப் படிகளில் ஒன்றைக் கச்சேரி மூலம் கொழும்பில் புதைபொருள் இலாகாவுக்கு அனுப்பினோம். வந்து பார்ப்பதாகப் பதிலும் வந்தது. அதற்குள் யுத்தம். கப்பலில்லை, தாளில்லை, எவரும் எங்கும் போக முடியவில்லை. அந்த மாரியில் படுவான்கரையெங்கும் காய்ச்சல். போகாதே என்றேன். "பிள்ளைப்பெறு, காய்ச்சல் முடியட்டுமெண்டு நிக்குமா?" என்று போனாய். எட்டாம் நாள் உன்னையே தோணியில் கொண்டுவந்தார்கள். இதற்குமேல் அதை எழுதமாட்டேன். இது சந்தோஷக் கடிதம்.

யுத்தம் முடிந்து, முந்தாநாள்தான் இலாகாவிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார், அக்கா. மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, காலில் செருப்பில்லாமல் வரம்பில் நடக்கத் தெரிந்தவர். கந்தப்பர் கல்லைச் சுற்றி வேலி போட்டு வைத்திருந்தார். உத்தியோகத்தர் நிலத்தில் குப்புறப் படுத்து, விரலால் தடவித் தடவி, சத்தமாக வாசித்தார். ஊரே சுற்றி நின்றது. எண்ணூறு வருஷமாவது இருக்குமென்றார். தமிழ்தான். குளக்கட்டு உடைந்தபோது ஒருவர் அதைக் கட்டுவித்து, பிறகும் அது பழுதாகாமல் பார்க்க வயலும் விட்டிருக்கிறார். இதற்குக் கேடு செய்கிறவர்கள் காகமாகவும் நாயாகவும் பிறப்பார்களாம். அதற்குத்தான் அடியில் அந்த இரண்டு உருவங்கள்.

காகம், அக்கா. என்னுடைய மயில் காகம்!

கந்தப்பர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்ப, உடைச்சவன் காகமாப் பிறப்பான். காகத்தை மயிலெண்டு எழுதினவ என்னவாப் பிறப்பா, ஐயா?"

உத்தியோகத்தருக்குக் கண்ணாடி கழன்று விழும்வரை சிரிப்பு. "அதற்குக் கல்லில் தண்டனை இல்லை" என்றார்.

ஆனால் கட்டுவித்தவர் யார்? அந்தப் பெயர் உடைந்த மூலையில் இருந்திருக்கிறது. உடைந்த துண்டு தூளாகிவிட்டது. கொழும்புக்கு அனுப்பிய படியும் அந்த மூலையில் கிழிந்திருந்ததாம். "போய்விட்டது" என்று அவர் எழும்பி மண்ணைத் தட்டினார். என் கட்டுரையால் போன பெயர் அது. எண்ணூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்து தப்பியதை என் பேனை முடித்துவிட்டது. அவ்வளவு சனத்துக்கு நடுவில் எனக்கு நிற்க முடியவில்லை.

அப்போதுதான் மற்ற இரண்டு படிகளும் நினைவுக்கு வந்தன. நீ போனபின் உன் பெட்டியை நான் திறந்ததில்லை. உத்தியோகத்தரை ஒரு நாள் மறித்து வைத்துவிட்டுப் பட்டினத்துக்கு ஓடினேன். கத்தரிக்கோல், துணி, நாடா, அடியில் மெழுகுசீலைக்குள் சுருட்டியபடி இரண்டு தாள். ஒன்றைக் கறையான் கொஞ்சம் தின்றிருந்தது. மற்றது நீ எடுத்த அன்றைக்குப் போலவே இருந்தது.

நேற்றுக் காலை அதைக் கந்தப்பர் வீட்டு மேசையில் விரித்தோம். உத்தியோகத்தர் அந்த மூலையை ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மகள் கொற்றி" என்று வாசித்தார். தகப்பனுடைய பெயர் இருந்த வரி நீ படி எடுக்கும்போதே தேய்ந்துபோயிருக்கிறது. மகளுடைய பெயர் இருக்கிறது. குளக்கட்டைக் கட்டுவித்தவள் ஒரு பெண், அக்கா.

"என்ன! கொத்தியா?" என்று தெய்வானை அலறினாள். அவளுக்கு இது எட்டாம் மாசம். பிள்ளைப்பெறு வீட்டில் அண்டுகிற அந்தப் பேயின் பெயரென்று நினைத்துவிட்டாள். "கொத்தி இல்ல புள்ள, கொற்றி" என்று கந்தப்பர் கத்த, அவள் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓட, உத்தியோகத்தர் ஒன்றும் விளங்காமல் முழிக்க... இருபது வருஷமாகக் கொத்தியென்று ஒரு பேயும் இல்லை என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவள் நீ. அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். உன் அளவுக்கு எனக்கு வாய் வராது.

சிரிப்பு அடங்கியபின் உத்தியோகத்தர், "இந்தப் படியை எடுத்தது எந்த ஆராய்ச்சியாளர்?" என்று கேட்டார். மருத்துவிச்சி என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இலாகா அறிக்கையில் உன் பெயர் வரும். நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன், பிழைவிடாமல் எழுதினாரா என்று எட்டியும் பார்த்தேன்.

இன்னொரு செய்தி. இன்று காலையில் மண்டூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் நாற்று நடுகிற பெண். எழுத்துகள் கோணல் மாணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருக்கிறது. சேற்றுக்குள் நட்டுக்கொண்டு போகும்போது துளையிட்ட சிவப்பு மணிகள் அகப்பட்டனவாம். மூன்றை எடுத்துவிட்டாள். மற்றவற்றைத் தொடவில்லை. இடத்துக்குத் தடி நட்டு வைத்திருக்கிறாள். 'நீங்கள் வரும்வரை ஆரையும் இறங்க விடமாட்டன். ஆனா நடவு நிக்காது, கெதியா வாங்க' என்று முடித்திருக்கிறாள். இந்தப் பெண்ணை உனக்கு மிகவும் பிடித்திருக்கும்.

சனிக்கிழமை முதல் தோணியில் போகிறேன். அவளோடு சேற்றில் இறங்கி, ஒவ்வொரு மணியும் கிடக்கிற இடத்தை வரைந்தபிறகுதான் கை வைப்பேன். என்ன மணி, எந்தக் காலம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பேன். எழுதும்போது கண்டெடுத்தவளின் பெயரை என் பெயருக்கு மேலே போடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு, அக்கா. தோணிக்கு நேரமாகிவிட்டாலும் பசித்தாலும் இதில் மாற்றமில்லை.

என்றும் உன் கைபிடித்து வரம்பில் நடந்த,
உன் தங்கச்சி
பூரணம்