வாக்கரின் இடது கால்

மார்ச் 4
சகலையின் பட்டறை அருவருப்பானது என்பதை இன்று எழுத்தில் பதிவு செய்கிறேன். தேநீர்க் குவளைக்குள் திருகாணிகள். வெல்டிங் மேசைமேல் பாதி தின்ற பன். இந்த இலட்சணத்தில்தான் என் மனைவியின் அலுமினிய வாக்கருக்கு அவர் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். நேற்று இடது கால் விட்டுக்கொண்டது. சுவரைப் பிடித்ததால் அவள் விழவில்லை. கடைகளில் கிடைப்பவை அவளுடைய சாய்ந்த இடுப்புக்கு ஒத்துவருவதில்லை. அளவெடுத்துச் செய்தது இது ஒன்றுதான். இது சரியாகும்வரை அவளுக்கு வீதி என்பது சன்னல் மட்டுமே.

விட்ட இடத்தைப் பார்த்தேன். உள்ளே கறுப்புக் கறுப்பாய்த் துளைகள். இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷாலேயே அலுமினியத்தையும் தேய்த்திருக்கிறார்! கூடவே கூடாது என்கிறது வெல்டிங் கையேடு. நானே கற்று நானே ஒட்டுவதாகச் சொல்லிவிட்டேன்.

“தாராளமா வாங்க சகலை. சாயங்காலம் மெஷின் சும்மாதான் கெடக்கு.”

மார்ச் 6
உருகுமுன் இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அந்த மரியாதையைக் காட்டுவதில்லை. வெள்ளையாகவே இருந்து, சட்டென்று பொத்தல்.

மார்ச் 9
வெல்டிங் சுடர் கிளம்பும் டங்ஸ்டன் ஊசியை, உருகிய அலுமினியக் குழம்பில் முக்கிவிட்டேன். சாணை பிடித்தேன். மீண்டும் முக்கினேன். மீண்டும் சாணை. சீ.

மார்ச் 13
இன்றும் புகைக்கரி, துளைகள்.

“என்ன சகலை, காக்கா வந்து உக்காந்துட்டுப் போச்சா?”

என் பிரஷ் தனி. துணியில் சுற்றித் தினமும் வீட்டுக்கே எடுத்து வருகிறேன். எனவே நான் கை கழுவப் போகும் நேரத்தில் யாரோ அதை இரும்பில் தேய்க்கிறார்கள். யாரோ என்ன யாரோ? நேரடியாகவே கேட்டேன்.

“உங்க பிரஷ வச்சு நான் என்ன, பல்லா வெளக்கப்போறேன்?”

பொய். அதுவும் சிரித்துக்கொண்டே.

மார்ச் 15
அடுப்படியில் பழைய இரும்புச் சட்டி பளபளவென்று மின்னியது. இது எப்படி என்று மனைவியைக் கேட்டேன்.

“நீங்க கொண்டாந்து வைப்பீங்களே ஒரு பிரஷு, அருமையா தேய்க்குதுங்க. உக்காந்தபடியே ரெண்டு இழுப்பு இழுத்தாப் போதும்.”

எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு சகலைகிட்ட போறது?

மார்ச் 16
மன்னிப்புக் கேட்டேன், முழு வாக்கியத்தில். அவர் பட்டறையின் அழுக்கு குறைந்துவிடவில்லை. என் வீட்டுக் குற்றம் கூடியிருக்கிறது, அவ்வளவே.

“அட விடுங்க சகலை! கொழுந்தியாகிட்ட குடுத்தா என் பட்டறையவே தேச்சுக் குடுத்துரும்போல.”

அவர் சிரித்த சிரிப்பில் பன் துணுக்கொன்று என் சட்டையில் தெறித்தது.

மார்ச் 21
புதிய பிரஷ். தகரப் பெட்டி. பூட்டு.
பழகுவதற்கு ஒட்டிய குழாயை வைஸ் இடுக்கியில் இறுக்கி வளைத்தேன். குழாய் வளைந்தது, ஒட்டு விடவில்லை.

மார்ச் 24
இடது காலை ஒட்டினேன். பாதியில் கை தயங்கிவிட்டது. அங்கே மட்டும் மரு போல ஒரு கட்டி. பார்க்கவே குமட்டுகிறது. என் முழு எடையையும் அதன்மேல் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ஆயினும் இப்படி ஒரு வேலையை நான் ஏற்பதற்கில்லை. அறுத்துவிட்டு மறுபடி ஒட்டித் தருகிறேன் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“நிக்குதா, நிக்கலையா?”

“நிக்குது. ஆனா—”

“அப்ப குடுங்க இங்க.”

மார்ச் 25
சகலையிடம் அறுப்பு வாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாக்கரைக் காணோம். ஆளையும் காணோம். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம்கூடவா இல்லை!