ஓராண்டு தாமதித்த தபால்

திருவிடைமருதூர்
11-6-1972

அன்புள்ள மருதையனுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. மேட்டூரில் நாளை தண்ணீர் திறக்கிறார்கள் என்றதும் நேற்றே நாற்றங்காலில் இறங்கிவிட்டார். நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிச்ச நிலத்தைச் சாகுபடி செய்கிறவர்களுக்கே விற்றுவிட என் அப்பா சம்மதித்துவிட்டார். எனக்கு இங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சிதம்பரத்தில் பேராசிரியர் இந்த மாதம் 19க்குள் ஆராய்ச்சிக்குச் சேரச் சொல்கிறார், பம்பாய் ஆராய்ச்சி நிலையம் 24ஆம் தேதி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது, எதற்குப் போவது என்று கேட்டிருந்தாய். கேட்டுவிட்டு நீயே பதிலும் எழுதியிருந்தாய். போன வருஷம் ஒரு வரி பதில்கூடப் போடாதவர்கள் இப்போது மட்டும் எடுத்துக்கொள்வார்களா, சிதம்பரமே போதும் என்று.

நேற்று வாய்க்கால் கரையில் உன் அப்பாவைப் பார்த்தேன். "பய பம்பாய்க்குப் போவலியாம் தம்பி. கிட்ட இருந்து என்னைப் பாத்துக்கணுமாம். எனக்கு என்ன கேடு? நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சிதம்பரம் விடுதியில் நாம் இருந்த இரண்டு வருஷத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நூலகத்தில் ஒரே பிரதியாக இருந்த அந்த இயற்கணிதப் புத்தகத்தை ஆளுக்குப் பாதியாகக் கையால் எழுதி எடுத்தோமே, என் பாதியில் நீ பதினேழு தப்பு கண்டுபிடித்தாய். லீவில் ஊருக்கு வந்தால் மதகுச் சுவரில் சாக்கட்டியால் கணக்குப் போடுவோம். உங்கள் தெருவிலும் சேராமல் எங்கள் தெருவிலும் சேராமல் இருந்த இடம் அது ஒன்றுதான். நான் மூன்று பக்கம் எழுதிய ஒரு நிரூபணத்தை நீ ஐந்து வரியில் முடித்துவிட்டு, "சரிதானாடா?" என்று என் முகத்தைப் பார்த்தாய். சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் யோசிப்பதுபோல வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே எனக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்க வேண்டும்.

போன வருஷம் ஜூலையில் கூலித் தகராறு. நடவுக்கு ஆள் இறங்காமல் நாற்று முற்றிக் கிடந்தது. உன் அப்பா கொடியோடு எங்கள் வயல் வரப்பில் நின்றார். உங்கள் தெரு முனையில் போலீஸ் நின்றதால் தபால்காரர் அங்கே போகவில்லை. அதனால்தான் பம்பாய்க்கு என் விலாசத்தைக் கொடுத்தாய். ஒரே நாளில் இரண்டு உறை வந்தன. என்னை எடுக்கவில்லை என்று எனக்கு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாய், நேர்முகத்துக்கு வா என்று உனக்கு.

அன்று சாயங்காலம் மதகடிக்கு வந்து, "ஏதாவது வந்துச்சாடா?" என்று கேட்டாய்.

"இல்லடா" என்றேன்.

ஊர்ச் சண்டையின் மேலும் அப்பாவின் கோபத்தின் மேலும் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் அந்த உறை வந்ததே அப்பாவுக்குத் தெரியாது. அடுத்த நாளும் கேட்டாய், அதற்கடுத்த நாளும் கேட்டாய். நேர்முகத் தேதி போனதும் கேட்பதை நிறுத்திவிட்டாய். அதன் பிறகு அதைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தேதியைப் பார். பம்பாய் உன்னை ஒதுக்கவில்லை. ஒதுக்கியவன் நான். என் மேல் உள்ள கோபத்தில் எதை வேண்டுமானாலும் செய், சிதம்பரத்தில் மட்டும் சேர்ந்துவிடாதே. ரயிலேறு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். எங்கே இருந்தாலும் உன் கணக்கெல்லாம் சரியாக வரவேண்டும்.

உன் நண்பன் என்று போட்டுக்கொள்ளக் கை வரவில்லை.

சந்தானகிருஷ்ணன்


பம்பாய்
20-8-1972

சந்தானத்துக்கு,

நேர்முகத்துக்குப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். இந்த மாதம் முதல் தேதி சேர்ந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கடல். காற்றில் தாள் பறக்கிறது.

உன் கடிதத்தைப் படித்த அன்று, நீ எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். இப்போதும் கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். அந்த ஒரு வருஷம் எனக்கு மூளை போதாது என்று நம்பிக்கொண்டு திரிந்தேனே, அதை நீ எப்படித் திருப்பித் தருவாய்?

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னை இன்னமும் நம்புகிறார். அவரிடம் நீயே போய்ச் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதற்கு முன்னால் எழுதாதே.

அடுத்த வருஷத்துக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று இதில் இருக்கிறது. உன் பெயரை எழுதிக் கேட்டு வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அக்டோபர் கடைசிக்குள் அனுப்பிவிடு. இயற்கணிதத்தில் குலக் கோட்பாடு என்றால் நீ இன்னும் தடுமாறுவாய், அதை முதலில் படி.

மருதையன்