ரிவர்ஸ்

அன்புள்ள கண்டக்டரம்மாவுக்கு,

நாம் இருவரும் வேலை பார்த்த அதே இரண்டு பெட்டி கோத்த நீளப் பஸ், கிண்டிப் பட்டறையில் வீடாகிவிட்டது. முன்பாதியில் கட்டில், பின்பாதியில் சமையல். நடுவில் வளையும் மடிப்பில் மட்டும் எதுவும் வைக்கவில்லை.

"ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு நைனா இத்தாம் நீளம்? பின்பாதிய வெட்டிக் கடாசிடு" என்றான் வெல்டர். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

உன்னைக் கேட்காமல் இதை ஏலத்தில் எடுத்த அன்றே நீ சாந்தோமில் உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய். அது இருக்கட்டும். பெயிண்ட் நீலம்.

சனிக்கிழமை பட்டறையைக் காலி செய்ய வேண்டும். ரிவர்ஸில்தான் வெளியே வர முடியும். பின்பாதி எந்தப் பக்கம் மடங்கும் என்று கண்ணாடியில் தெரியாது.

முன்னால் போக நான் ஒருவனே போதும். பின்னால் எடுக்கத்தான் நீ வேண்டும். விசில் உன்னிடம்தான் இருக்கிறது.

உன் டிரைவர்