தாளிக்காத நாட்கள்

2008 அக்டோபர் 6, திங்கள்

இன்றும் ரசம் தாளிக்கவில்லை. மிளகாய் நெடி பட்டால் அருளுக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது, பிடித்தால் விடுவதில்லை. புளித்தண்ணீரில் உப்பும் மிளகும் போட்டு இறக்கியதை ரசம் என்று பேர் வைத்து மூன்று பேரும் குடித்தோம். அத்தைகூட முகம் சுளிக்கவில்லை. மகனுக்காக என்றால் கழுநீரைக்கூடக் குடிப்பார். மற்ற நாளாக இருந்தால் என் சமையலுக்குப் பத்துக் குறை வந்திருக்கும்.

டி.பி. என்று சொல்லி என் புருஷன் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதெல்லாம் வீண். நெஞ்சில் கோத்திருந்த நீரை எடுத்தார்கள். ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். போன வாரம் சொன்னார்கள் – நுரையீரலில் புற்றுநோய். மற்ற இடத்துக்கும் பரவியிருக்கிறது, ஆபரேஷன் கிடையாது.

எழுதினால் உறைக்கும் என்று எழுதிப் பார்த்தேன். வெறும் எழுத்தாகத்தான் தெரிகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு. மண்ணடியில் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் முதலாளி "மறுபடியுமா" என்று வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டார்.

புது டாக்டர் பெண். எடுத்த எடுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றார். அருள் சொன்னார்: "ஒண்ணுகூட இல்ல மேடம். ஹார்பர்ல கிரேன் ஓட்டறேன். மேல குந்திகினு பீடி பத்த வச்சா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான்." டாக்டர் என்னைப் பார்த்தார். உண்மைதான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புகையே பிடிக்காதவர்களுக்கு வரும் கட்டியில் சில சமயம் ஜீனில் ஒரு மாற்றம் இருக்குமாம். அம்மா அப்பாவிடமிருந்து வருவது இல்லை, கட்டிக்குள்ளேயே உண்டாவது. அது இருந்தால் அதை மட்டும் தடுக்க ஒரு மாத்திரை உண்டு. இல்லையென்றால் கீமோதான், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். எடுத்த சதையை மும்பைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அந்த மாற்றம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்குள் ஒரு கோளாறு இருக்கட்டும் என்று வேண்டுவது புதிதாக இருந்தது.

பஸ்ஸில் அருள் விளக்கினார். "கிரேன்ல லிவர் மாட்டிக்கினா கொக்கி அதும்பாட்டுக்கு மேல போய்கினே இருக்கும், பாத்துகிறியா? அந்தக் கதைதான். லிவர எடுத்து விடற மாத்திர." சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

தெருக்குழாயில் எதிர்வீட்டுப் பட்டம்மாள் என் காதுபடவே யாரிடமோ சொன்னாள், "தெரியாம புடிச்சிருப்பான், ஆம்பள எவன் சொல்வான்." குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சண்டை போட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. பட்டம்மாள் அதிரசம் கொடுத்தனுப்பினாள். அவள் வாய் அப்படி, கை இப்படி. ராயபுரம் முழுக்கப் புகை. ஜன்னலில் ஈரத் துண்டு கட்டினோம். அருள் சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. படுத்துத் தூங்கி ஒரு மாதம் இருக்கும்.

அக்டோபர் 31, வெள்ளி

ரிசல்ட் வரவில்லை. அத்தை என்னைப் பார்த்து, "கல்லு மாதிரி கீறியேடி, ஒரு சொட்டு கண்ணீர் வராதா ஒனக்கு" என்றார். வரவில்லையே. என்ன செய்ய.

நவம்பர் 5, புதன்

இருக்கிறதாம். அந்த மாற்றம் இருக்கிறதாம்.

அருளை எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டு டாக்டர் என்னை மட்டும் உட்கார வைத்துப் பேசினார். நிறைய நேரம் பேசினார். மேஜைமேல் ஒரு கண்ணாடி உருண்டை, காகிதம் பறக்காமலிருக்க வைப்பது. உள்ளே மஞ்சளாக ஒரு பூ. அது நிஜப் பூவா, பிளாஸ்டிக்கா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்டால் வாய் மரத்துப் போகுமே, எனக்கு நெற்றி முதல் கால்வரை அப்படி இருக்கிறது. கடைசியில் ஒரு கார்டு கொடுத்து, எது வந்தாலும் போன் பண்ணுங்கள் என்றார். சரி என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

காலையில் முதல் மாத்திரை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா என் சத மும்பை வரிக்கும் போய் வந்துச்சு" என்றார். விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. நான் ஆபீசுக்குப் போனேன்.

நவம்பர் 15, சனி

காலையில் எழுந்து பார்த்தால் அருள் சுவரோரம் இல்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சத்தமே இல்லை. செத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, முதலில் அவர் தம்பி பென்னிக்குச் சொல்ல வேண்டும், காலடிப்பேட்டையிலிருந்து அவன் வர நேரமாகும், பால்காரரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும் – இப்படி வரிசையாக ஓடியது மனதில்.

கண்ணைத் திறந்து, "இன்னா பாக்கற?" என்றார்.

தூங்கியிருக்கிறார். படுத்து, மூச்சு முட்டாமல், இருமாமல் தூங்கியிருக்கிறார். அத்தை மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினார். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். புருஷன் செத்துவிட்டான் என்று நினைத்தபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிழைத்திருக்கிறான் என்று தெரிந்தபோதும் ஆகவில்லை. நோயைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் வேப்பிலை.

இரண்டு நாளாக மூக்கோரம் சிவந்திருந்தது. இன்று முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் பொரிப் பொரியாக. பட்டம்மாள் வந்து பார்த்துவிட்டு அம்மைதான் என்று சொல்லியிருக்கிறாள். அத்தை செபஸ்தியார் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அருள் தலைமாட்டில் வைத்திருக்கிறார். அம்மைக்கு எங்களுக்கு அவர்தான். வேப்பிலை மட்டும் எல்லோருக்கும் பொது.

பட்டம்மாள் வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னாள்: "மருந்து மாத்திர ஒண்ணும் குடுக்காத. தண்ணி ஊத்தற வரிக்கும் வூட்ல தாளிக்காத, மீன் வாங்காத. அம்மா வந்து கீது, தானா எறங்கட்டும்."

தாளிப்பதைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரை? அத்தை டப்பாவை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அருளும், "கொஞ்ச நாள்தான, வுடு" என்றார். கைப்பையில் டாக்டர் கார்டு இருந்தது. போன் பண்ணவா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். யாரோ ஒருவர் முடிவெடுத்துவிட்டார்கள், நான் எடுக்க வேண்டாம் – அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

புயல் மழை. தெருவில் முட்டிவரை சாக்கடைத் தண்ணீர். போனும் செத்துவிட்டது. அருள் வேப்பிலைமேல் படுத்திருக்கிறார். பொரி காய்ந்து உதிர்கிறது.

டிசம்பர் 1, திங்கள்

மூன்றாம் தண்ணீர் ஊற்றியாயிற்று. முகம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பட்டம்மாள் இளநீர் வாங்கி வந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோருக்கும் சந்தோஷம்.

மாத்திரை? அம்மை இறங்கிய உடம்பு சூடு, ஒரு வாரம் போகட்டும் என்கிறார் அத்தை.

டிசம்பர் 9, செவ்வாய்

இருமல் திரும்பிவிட்டது. பனிக்காற்று என்கிறார் அத்தை.

டிசம்பர் 13, சனி

மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பனிக்காற்று இல்லை. எனக்குத் தெரிகிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

டாக்டர் அருளின் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூஞ்சி இவ்வளவு சுத்தமா இருக்கே, பரு வரவே இல்லையா?"

அம்மை வந்தது, இறங்கிவிட்டது என்றேன். எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மை இல்லம்மா அது. அந்த மாத்திரைக்கு வர்ற பரு. வந்தா பயப்படாதீங்க, மருந்து பிடிக்குதுன்னு வச்சுக்குங்க, நீங்களா நிறுத்தாதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனே. நீங்க தலையாட்டினீங்களே."

தலையாட்டினேனாம். அந்த மஞ்சள் பூ மேஜையில் அப்படியே இருந்தது. பிளாஸ்டிக்தான்.

பழையபடி ஆரம்பிக்கலாம், ஆனால் இடையில் கட்டி வளர்ந்திருக்கிறது, முன்போலவே கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். நீரும் மறுபடி கோத்திருக்கிறது, ஊசி போட்டு எடுத்தார்கள். அருள் சட்டையைக் கழற்றி, குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூன் விழுந்த முதுகு. பார்க்க முடியவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்ன காரியம் பண்ணேன் நான். காது இருந்துச்சே எனக்கு – டாக்டர் எதிர்லதானே உக்காந்திருந்தேன் –

டிசம்பர் 17, புதன்

அத்தையிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாத்திரை டப்பாவை மாதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தபோது ஏன் என்று கேட்டார். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ளைய நானே சாவக் குடுத்துட்டனா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கையைப் பிடித்தேன். "உங்களுக்கு யாரும் சொல்லல அத்தை. எங்கிட்ட சொன்னாங்க. நான் கேக்கல."

இத்தனை வருஷத்தில் அவர் கையை நான் பிடித்ததில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். மகனுக்கு மாத்திரையை அவரே கொடுத்தார்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். கோயிலுக்கு அத்தை மட்டும் போனார். அருள் முகத்தில் இன்னும் பரு ஒன்றும் இல்லை. காலையில் நானும், மத்தியானம் அத்தையும், சாயங்காலம் இருவரும் பார்த்தாயிற்று. "சந்தையில மீன பாக்கறாப்பல பாக்கறீங்க" என்றார். சிரித்தார், இருமினார்.

டிசம்பர் 29, திங்கள்

இல்லை.

மருந்து பிடிக்கவில்லை என்றால் அடுத்து என்ன என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பொறுங்கள், இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

2009 ஜனவரி 1, வியாழன்

இல்லை. கொசு கடித்த தடிப்பு ஒன்று. அதைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

முகம் மழித்துக்கொண்டிருந்த அருள் "ஸ்" என்றார். பிளேடு தட்டுகிறது என்றார். ஓடினேன். வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து பார்த்தேன். மூக்கோரம் மூன்று. தாடையில் ஒன்று. விரலால் தொட்டேன். வலிக்கிறதா என்றேன். எரிகிறது என்றார். எரியட்டும் என்று சொல்லிவிட்டேன், வாய் தவறி. அவர் சிரித்தார்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நெடுநேரம் பார்த்தார். கழுத்திலும் இரண்டு இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார்.

எதிர்வாசலிலிருந்து பட்டம்மாள், "இன்னாடி, மறுக்கா அம்மையா?" என்றாள். வேப்பிலை பறிக்க அவள் கை துறுதுறுத்திருக்கும். அத்தை எழுந்துபோய் அவளுக்கு விளக்கமாகச் சொன்னார், கிரேன், லிவர் எல்லாவற்றையும் சேர்த்து. பாதிதான் சரி. பட்டம்மாள் மோவாயில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில், "அப்ப நல்லா வரட்டும், மூஞ்சி பூரா வரட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

இந்த மாத்திரை எத்தனை நாளைக்குப் பிடிக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு அதற்கும் மேலே. அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

காசிமேட்டுக்குப் போய் சங்கரா மீன் வாங்கி வந்தேன். குழம்பு வைத்தேன். கை பழக்கத்தில் கடுகைப் போட்டு, இரண்டு காய்ந்த மிளகாயையும் கிள்ளிப் போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. நெடி வீடு முழுக்கப் பரவிவிட்டது. நான் இருமினேன். அத்தை இருமினார். உள்ளேயிருந்து அருளும் இருமினார். கரண்டியோடு அப்படியே நின்றேன்.

மூன்று தரம் இருமினார். தும்மினார். நின்றுவிட்டது. "இன்னாடி வாசன இது, பசிக்குது" என்று குரல் வந்தது.

அது மிளகாய் இருமல். எனக்கு வித்தியாசம் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நெடி என்று நினைத்துக்கொண்டு அத்தை ஜன்னலைத் திறந்துவிட்டார்.