ஒன்பது தாமரை விளக்கு

மத்சுயாமா,
நவம்பர் 9

அன்புள்ள கென்சாகு அவர்களுக்கு,

உங்கள் மிசாவோ எழுதுவது. குஷிரோவில் இப்போதே பனி விழுகிறதாமே. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு இருமாதீர்கள். நானும் பிள்ளைகளும் நலம். மாமாதான் கவலை. போனில் சொல்லலாம் என்றால் அது அவர் தலைமாட்டில் இருக்கிறது.

உங்கள் அப்பா ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். பத்தொன்பதாம் தேதி குறித்தாகிவிட்டது. இதய வால்வை இப்போது மாற்றாவிட்டால் குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் என்னிடமே சொன்னார்.

எல்லாம் முதல் தேதி மதியம் ஆடிய மாஜாங் காயாட்டத்தால் வந்தது. மாமா, சலூன்காரர் உஷிஜிமா, அவர் மனைவி, நான். மாமா நாற்பது வருஷமாக எந்தக் கைக்காக, எந்தக் காய்ச் சேர்க்கைக்காகத் தவம் கிடக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒன்பது தாமரை விளக்கு. பதினான்கு காயும் ஒரே இனம். ஒன்றிலும் ஒன்பதிலும் மூன்று மூன்று, நடுவே எல்லா எண்ணும் வரிசையாக, கடைசியாக அதே இனத்தில் இன்னொன்று. கைக்கு வந்த சின்ன வெற்றிகளையெல்லாம் உதறிவிட்டு இதைத் துரத்தியே தோற்பவர். அன்று நான் வேண்டாமென்று போட்ட காயை அவர் எடுக்க, அது அமைந்துவிட்டது. மனிதர் எழுந்து நின்று அழுதார்.

உஷிஜிமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயையோ பெரியவரே, இந்தக் கை அடிச்சவன் பொழைக்க மாட்டான்னு சொல்லுவாங்களே! காயைப் பூரா கொளுத்திடுங்க!" என்றார். "மொதல்ல உங்க வாயைக் கொளுத்தணும்" என்று அவர் மனைவி கிள்ளினாள். எல்லாரும் சிரித்தோம், மாமாவும்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டார். "இருந்த அதிர்ஷ்டம் பூரா நேத்தே செலவாயிடுச்சும்மா. கத்திக்குக் குடுக்க மிச்சமில்ல. போதும், மனசு நெறஞ்சு போச்சு" என்கிறார். அந்தக் காய்களைப் படம் பிடித்து, பூஜை மாடத்தில் அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். திட்டினேன், அழுதேன். சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி எழுதுவதை மூன்று தடவை கிழித்துப் போட்டேன். அது அதிர்ஷ்டமே இல்லை. தேநீர் ஊற்ற அவர் பின்னால் போனபோது காய்களைப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அவர் எந்த இனத்தைச் சேர்க்கிறார் என்று ஊகித்த மற்ற இருவரும் அதைப் போடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். நல்லபடியாக இருந்த என் கையைக் கலைத்து, அந்த இனத்து ஐந்தை எடுத்துப் போட்டேன். கத்தி வைக்கும் முன் ஒரு தடவை சந்தோஷப்படட்டுமே என்றுதான். பாவி நான், எமனுக்கு எடுத்துக் கொடுத்தேன்!

சொல்லிவிட்டால் ஆபரேஷனுக்குப் போவார். ஆனால் அந்தக் காய்களின் படத்தை அவரே கிழித்துப் போடுவார். ஆட்டத்தில் காயை எட்டிப்பார்த்ததற்காகச் சொந்தத் தம்பியோடு பதினொரு வருஷம் பேசாதவர் அல்லவா?

நீங்கள் வந்து ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். மகன் பேச்சைக் கேட்டுச் சம்மதித்தால், நான் செய்தது என்னோடு போகட்டும். பதினைந்தாம் தேதி வரை பார்ப்பேன். வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

அவர் என் முகத்தில் விழிக்காமலே நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
மிசாவோ