ஒசாகாவில் எடுத்த கறுப்பு உடை

அன்புள்ள ஷுன்பேய்க்கு,

நேற்று உன் அப்பா என்னை ஒசாகாவுக்குக் கூட்டிப் போனார். கால்வாய்க் கரைக் கடையில் அவருக்கு உயிரான தகோயாகி உருண்டைகளை வாங்கினார். ஒன்றை வாயில் வைத்தவர், "ரொம்ப சூடு, நீயே சாப்பிடு" என்று தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகு துணிக்கடைக்குப் போனோம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு கைக்குட்டைகூட எடுத்துத் தராத மனிதர், துக்க வீட்டுக்கு உடுத்தும் கறுப்பு உடையை அவரே தேடி எடுத்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. உன் பழசு இறுக்குதுல்ல" என்று சிரித்தார்.

இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மாதக் கடைசியில் தருவதாகக் கடைப்பெண் சொன்னாள்.

"அதுக்கு முன்னாடி கிடைக்காதாம்மா?" என்று அப்பா தாழ்ந்த குரலில் கேட்டார்.

திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். கனமே தெரியவில்லை.

லீவு கிடைக்காது என்று சொல்லாமல் வந்துவிடு.

அம்மா