அப்பா கண்ணைப் பத்தி

மரக்காணம்,
புதன்கிழமை

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்ல நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் வேண்டிக்குறேன். நான் நல்லா இருக்கேன். அப்பாவும் நல்லா இருக்காருன்னு எழுத முடியல. போன்ல சொல்லலாம்னா அவரு எந்நேரமும் பக்கத்துலயே இருக்காரு, அதான் நாளைக்கு மஸ்கட் திரும்புற கோட்டக்குப்பத்து பாத்திமா கையில இந்தக் கடுதாசிய குடுத்தனுப்புறேன்.

உப்பள வேலைய வுட்டதுல இருந்து அப்பா கழுவேலி ஏரிக்கு பறவை பாக்க வர்றவங்கள கூட்டிட்டுப் போறாரு இல்ல, போன ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரியில இருந்து ஒரு டீச்சரம்மா தனியா வந்தாங்க, துணைக்கு நானும் போனேன். தூரத்துல வெள்ளையா அடுக்கியிருந்த உப்பு மூட்டைய காட்டி, அதோ கூழைக்கடா பறவைங்கன்னு சொன்னாரு அப்பா. அந்தம்மா பைனாகுலர எறக்கிட்டு என்னப் பாத்தாங்க. கொஞ்ச தூரம் போனதும் கரைன்னு நெனச்சி சேத்துல கால வெச்சிட்டாரு, அவரு எப்படியோ ஏறிட்டாரு, பின்னாடியே வந்த டீச்சரம்மா தொடை வரைக்கும் எறங்கிட்டாங்க. என் கைய புடிங்கன்னு அப்பா வேற பக்கம் கைய நீட்டிட்டு நிக்கிறாரு. நான்தான் துண்ட குடுத்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டதுக்கு, ஆறு மாசமா வலது கண்ணு தெரியல, இடதுலயும் புகையா இருக்குது, அருளுக்கு சொல்லாத, வேலைய வுட்டுட்டு ஓடி வந்துடுவான்னாரு. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். சர்க்கரையால வந்தது, வலது கண்ணு திரும்பாது, இந்த மாசத்துக்குள்ள லேசர் வெச்சா இடது கண்ண காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னாரு. இவரு, பறவைங்கல்லாம் கெளம்பட்டும், பங்குனியில பாத்துக்கலாம்னு ஒரே பிடிவாதம். நீ நர்ஸு, பங்குனி வரைக்கும் தாங்குமான்னு உனக்கே தெரியும்.

நேத்து நானே ஃபாரஸ்ட் கார்டு அரவிந்தன் தம்பிகிட்ட போயி, இனிமே அவருகிட்ட ஆளுங்கள அனுப்பாதப்பான்னு சொல்லிட்டேன். எனக்கும் தெரியும்மா, சொல்ல மனசு வரலன்னு தலைய குனிஞ்சிகிட்டான். அதுல இருந்து அப்பா என்கிட்ட பேசல. காலையில காரு சத்தம் கேட்டு சட்டையப் போட்டுகிட்டு வாசல்ல போயி நின்னாரு. அது நிக்காம போயிடுச்சி. நான் செஞ்சது சரிதானான்னு கேக்க உன்ன விட்டா எனக்கு ஆளில்ல.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லேசருக்கு தேதி வாங்கியிருக்கேன். நீ வர வேணாம். போன் பண்ணி, அப்பா கண்ணு எப்படி இருக்குதுன்னு நேரா கேளு. நான் சொன்னேன்னே சொல்லு, திட்டினா திட்டட்டும். நீ சொன்னா கெளம்புவாரு.

இத எழுதுறப்பதான் அப்பா பக்கத்துல வந்து நின்னு, யாருக்குன்னு கேட்டாரு. உனக்குன்னேன். இந்த வருஷம் பறவை நல்லா வந்திருக்குதுன்னு எழுது, வேற எதையும் எழுதிடாதன்னாரு. கடுதாசி அவரு கண்ணு முன்னாடியே விரிஞ்சி கெடந்தது. சரின்னு சொல்லிட்டேன்.

ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. வேளைக்கு சாப்புடு. அடுத்த வாரம் வியாழன் ராத்திரிக்குள்ள போன் பண்ண மறந்துடாத.

அம்மா
பாக்கியலட்சுமி